ஜெயச்சந்திரன் வாசலில் இல்லாத மூடி

ஜெயச்சந்திரனிடம் "நல்லா இருக்கீங்களா" என்று கேட்டால், எதற்காகக் கேட்கிறான் என்று சாயங்காலம் வரை யோசிப்பார். பால்காரன் தண்ணீர் கலக்காவிட்டாலும் அதில் ஏதோ சூது இருக்கிறது என்பார். நகரியிலிருந்து நைட்டி வாங்கிவந்து, திருப்பதியில் எங்கள் தெருவில் வீட்டு முன்னறையிலேயே விற்கிறார். தெருவே அவரைத் திட்டும். ஆனால் ஊருக்குப் போகும்போது எல்லோரும் சாவியை அவரிடம்தான் கொடுப்போம்.

போன கோடையில் கீர்த்தி என்ற சித்தூர்ப் பெண் மாநகராட்சிக்காக சர்வே எடுக்க வந்தாள். தெருவுக்கு அடியில் ஓடும் மழைநீர்க் குழாயின் மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, ஆழம் அளந்து கம்ப்யூட்டரில் ஏற்றினாள். குழாய் நிரம்பினால் தண்ணீர் எந்த மூடி வழியாக மேலே வரும், அங்கிருந்து யார் வீட்டுக்குள் போகும் என்று மழைக்கு முன்பே அது சொல்லிவிடுமாம்.

ஜெயச்சந்திரனுக்கு மடியில் கனம், வழியில் பயம். அவர் வாசலில் இருந்த மூடியின் மேல்தான் ஸ்கூட்டர் ஏற்றுவதற்குச் சிமெண்ட் ரேம்ப் போட்டிருந்தார். இன்றைக்கு மூடியைக் கேட்பார்கள், நாளைக்கு ரேம்ப்பை உடைப்பார்கள், அப்புறம் கடையையே இடிப்பார்கள் என்று நினைத்தார். கீர்த்தி கேட்டதும், "இக்கட ஏமி லேதும்மா" என்று தெலுங்கிலேயே முடித்துவிட்டார். இங்கே ஒன்றுமே இல்லையாம். மனைவி சுலோச்சனா ஏதோ சொல்ல வந்தாள், அவர் பார்த்த பார்வையில் உள்ளே போய்விட்டாள்.

ஐப்பசியில் கனமழைக்கு முதல் நாள், தண்ணீர் புகக்கூடிய வீடுகளுக்குப் போனில் செய்தி வந்தது. எதிர்வீட்டு வெங்கடம்மாவுக்கு வந்தது, இவருக்கு வரவில்லை. வெங்கடம்மா அரிசி மூட்டையை மாடிக்கு ஏற்றினாள். நிவாரணப் பணத்துக்கு இப்போதே ஆள் பிடித்துவிட்டாள் என்று ஜெயச்சந்திரன் பொருமினார். தீபாவளிச் சரக்கு முழுக்கத் தரையில்தான் கிடந்தது. மேலே எடுத்து வைக்கலாம் என்றாள் சுலோச்சனா.

"நம்ம பேரு அதுல இல்ல. நீ இன்னாத்துக்குப் பயந்துக்கினு கீற? கம்முனு கெட."

ஆயுசில் அவர் நம்பியது அந்தக் கம்ப்யூட்டர் ஒன்றைத்தான். எனக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

மறுநாள் மதியம் ரேம்ப் நடுவில் விரிசல் விட்டது. குழாயில் இடமில்லாத தண்ணீர் மூடியையும் சிமெண்டையும் தள்ளிக்கொண்டு வந்து நேராகக் கடைக்குள் நுழைந்தது. கட்டுப் பிரிக்காத நைட்டிகள் சேற்றில் ஊறின. வெங்கடம்மா வாசலில் தண்ணீர் கணுக்கால் அளவுகூட நிற்கவில்லை. அவள் வாளியோடு வந்து தண்ணீரை இறைத்தாள். இவள் எதற்கு இறைக்கிறாள் என்று அப்போதும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர் வடிந்ததும் கீர்த்தி வந்தாள்.

"ஊருக்கெல்லாம் சொன்ன கம்ப்யூட்டரு எனக்கு மட்டும் ஏம்மா சொல்லல? எவன் சொல்லி என் பேர எடுத்தீங்க?"

அவள் உடைந்த ரேம்ப்பையும் அடியில் தெரிந்த மூடியையும் பார்த்தாள். இந்த மூடி கணக்கில் இல்லாததால்தான் தண்ணீர் எதிர்வீட்டுப் பக்கம் மேலே வரும் என்று கம்ப்யூட்டர் காட்டியிருக்கிறது. கோபப்படவில்லை.

"இங்க ஒண்ணும் இல்லன்னு நீங்கதான் சொன்னீங்க அங்கிள். நான் நம்பிட்டேன்."

 யாரோ தன்மேல் சந்தேகப்படாமல் விட்டதால் இவ்வளவு நஷ்டம் வரும் என்று ஜெயச்சந்திரன் நினைத்ததே இல்லை. சுலோச்சனா கடப்பாரையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். மீதி ரேம்ப்பை அவரே உடைத்தார்.

கீர்த்தி டேப்பை உள்ளே இறக்கி ஆழம் சொன்னாள். அவர் அதை வாங்கி, தானும் ஒருமுறை அளந்து பார்த்தார்.