ரூட்டு அண்ணனின் நாலு ஊர்

"தலையை அப்படியே வைங்க சார், ஆட்டாதீங்க. அந்தக் கால்வாய் ஊருல ஸ்டேஷன்ல இறங்கினா படகுத்துறைக்கு நடந்தே போயிடலாமா, இல்ல வண்டி புடிக்கணுமா?"

சவரக்கத்தி என் தொண்டைக்குழிக்கு மேலே நிற்கிறது. வாயைத் திறந்தால் கத்தி பதம் பார்த்துவிடும். திறக்காவிட்டால் அவர் அடுத்த இழுப்புக்குப் போக மாட்டார். மூக்காலேயே ஒரு 'ம்' போட்டேன்.

"நடக்கலாமா? அப்பாடா! அங்க கொஞ்சம் நேரம் மிச்சம்" என்றார். அந்தச் சந்தோஷத்திலேயே என் தாடை முழுவதையும் வழித்து முடித்துவிட்டார். நான் அந்த ஊருக்குப் போனதே இல்லை.

அவர் மனைவியோடு வெளிநாடு போகத் திட்டம் போட்ட அந்த வருஷம், கடைக்கு வந்த யாரும் இந்த விசாரணைக்குத் தப்பவில்லை. கப்பலில் வேலை பார்ப்பவர் விடுமுறையில் வந்து உட்கார்ந்தால் அவருக்கு முடி வெட்ட ஒரு மணி நேரம் ஆகும். விமானத்தில் பணிபுரியும் ஓர் இளைஞன், "எனக்கு ஏர்போர்ட்டுக்கு வெளியில ஒண்ணுமே தெரியாதுண்ணே" என்று கெஞ்சியும், ஏர்போர்ட்டில் எந்த வாசல் வழியாக வெளியே வர வேண்டும் என்பதைக் கறந்த பிறகுதான் போர்வையை அவிழ்த்தார். கேட்டுத் தெரிந்துகொண்டதை உடனே ஆள்காட்டி விரலில் சோப்பு நுரையைத் தொட்டுக் கண்ணாடியில் வரைவார். நாலு ஊருக்கு நாலு நுரைப் பொட்டு, நடுவே கோடுகள். கோடு காய்ந்து உதிர்வதற்குள் அடுத்த வாடிக்கையாளர் வந்து அதைத் திருத்திவிடுவார். தெருவில் முதலில் யார் சொன்னார்களோ தெரியாது, அவர் பெயர் 'ரூட்டு அண்ணன்' என்றே ஆகிவிட்டது.

ஊர்களின் நிஜப்பெயர் அவர் நாக்கில் நிற்காது. கால்வாய் ஊரு, பாலத்து ஊரு, மலை ஊரு, கடல் ஊரு. நாலுக்கும் ஏழு நாள். அதில் மலை ஊர்தான் அவர் உயிர். அங்கே தண்டவாளத்தைப் பல்சக்கரத்தால் கடித்துக்கொண்டு ஏறுகிற ஒரு ரயில் உண்டாம். "அவனவன் ஏணி வச்சு ஏறுவான் சார், இவன் தண்டவாளத்தை வச்சு ஏத்திட்டான்!" என்று சொல்லும்போது, கத்தரியையே என் பிடரியிலிருந்து உச்சி வரை ரயிலாக ஓட்டிக் காட்டுவார்.

குட்டையான மனிதர். நாள் முழுக்க நின்றே பழகியதால் உட்கார்ந்தால் கால் எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிப்பார். அடுத்தவர் தலையைச் சீராக வைத்திருக்கும் அவருக்குத் தன் தலையைப் பற்றிக் கவலையில்லை, காடாகக் கிடக்கும். கடையில் இரண்டு சுழல் நாற்காலிகள். ஒன்று நமக்கு. மற்றது அவர் மகளுக்கு.

மகளுக்கு வயது இருபத்திரண்டு. எல்லோருக்கும் பாப்பாதான். வளர்ந்தது உடம்பு மட்டும், மனசு நாலு வயசிலேயே நின்றுவிட்டது. துண்டு மடிப்பது அவளுக்குப் பிடித்த வேலை. ஓரத்தோடு ஓரம் சேரும் வரை விடமாட்டாள். நாம் சவரம் முடித்து முகத்தைத் துடைத்துவிட்டுத் துண்டைச் சுருட்டிப் போட்டோமானால், "தப்பு!" என்று ஒரு சத்தம் வரும். எடுத்து மடித்துக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே போக முடியும். இரவில் அவள் தூங்க யாராவது கையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். கை நழுவினால் விழித்து அலறுவாள். அந்தக் கை எப்போதும் அவள் அம்மாவின் கை. அண்ணி ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறார். பகலெல்லாம் மற்றவர்கள் படுக்கும் விரிப்புகளைத் துவைத்து மடிப்பவர், தன் விரிப்பில் ஒருக்களித்து, ஒரு கையை நீட்டி, அரைத் தூக்கம் தூங்குவார்.

இப்படிப்பட்ட வீட்டிலிருந்து வெளிநாட்டுப் பயணமா என்று நானும் கேட்டேன்.

"நான் எங்க சார் கேட்டேன், அதுவா வந்துச்சு" என்றார்.

பாப்பா வாரத்தில் சில நாள் போய்வரும், அவளைப் போன்ற பிள்ளைகளுக்கான இல்லத்தில், பெற்றவர்களுக்கு ஓய்வு என்று ஓர் ஏற்பாடு. வருஷத்துக்குச் சில குடும்பங்களின் பிள்ளைகளை மட்டும் ஒரு வாரம் இரவு பகல் தங்க வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். பதிந்து வைத்துக் காத்திருக்க வேண்டும். இவர்கள் முறை வந்தபோது, அது அவர்களுடைய இருபத்தைந்தாவது கல்யாண நாள் வரும் மாதமாக இருந்தது. இல்லத்தை நடத்தும் அம்மாள் கண்டிப்பானவர். "வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க, அடுத்த குடும்பத்துக்குக் குடுத்துடறேன். மறுபடி உங்க முறை எப்ப வரும்னு என்னால சொல்ல முடியாது" என்றிருக்கிறார்.

"அதான் சார், சேத்து வச்ச சீட்டுப் பணத்தை எடுத்து நாலு ஊரு. அடுத்த தடவைன்னு ஒண்ணு எங்களுக்குக் கிடையாது. ஒரே இலையில எல்லாத்தையும் பரிமாறிடணும்."

அண்ணி என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"அவ எங்க சொல்றா? 'பாப்பாவை விட்டுட்டா?'ன்னு ஒரே வார்த்தை. நான் மலை ரயிலைப் பத்தி ஒரு மணி நேரம் பேசறேன், அவ பாப்பா சட்டைக்குப் பட்டன் தச்சிக்கிட்டு உக்காந்திருக்கா."

டிராவல்ஸ் ஆபீசுக்கு அவரோடு நானும் போனேன். அங்கே இருந்த பெண் அவர் சொன்ன வழியைக் கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தாள். "ஏழு நாள்ல நாலு ஊரா அங்கிள்? ரயில்லயே குடித்தனம் நடத்தப் போறீங்களா?" என்று சிரித்தாள். இரண்டு ஊர் போதும் என்றாள். இவர் அசையவில்லை. பாலத்து ஊரிலிருந்து காலை வண்டியைப் பிடித்தால் மதியத்துக்குள் மலை ஊர், அந்த வண்டியை விட்டால் மலையும் போச்சு, கடலும் போச்சு என்பது வரை அவருக்கு மனப்பாடம். "அந்த வண்டியை நாங்க விடமாட்டோம்மா. எழுதிக்கோ" என்றார்.

பயணத்துக்கு முன்னால் ஒத்திகையாகப் பாப்பாவை ஒரு சனிக்கிழமை இரவு தங்க இல்லத்தில் விட்டார்கள். மறுநாள் கடை திறந்திருந்தது. ஆனால் அவர் யாரிடமும் ஊர் விசாரிக்கவில்லை. எனக்கு ஒரு பக்கக் கிருதாவை மேலே ஏற்றிவிட்டார், அதைச் சரிக்கட்ட மறு பக்கத்தையும் ஏற்றினார், பிறகு முதல் பக்கத்தை. நான் பள்ளிக்கூடப் பையன் மாதிரி வீட்டுக்குப் போனேன். மாலையில் இருவரும் மகளை அழைக்கப் போயிருக்கிறார்கள். திங்கட்கிழமை கடை வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"அழுதிருப்பான்னு நெனச்சு ஓடறோம் சார். அங்க இவ இன்னொரு பொண்ணு பக்கத்துல உக்காந்து துண்டு மடிச்சிக்கிட்டிருக்கா. எங்களை நிமிந்து பாத்தா. 'போ. நாளைக்கு வா'ன்னுட்டா."

சிரித்தபடிதான் சொன்னார். சொல்லி முடித்ததும் உள்ளே போய், வாடிக்கையாளர் யாருமே இல்லாத நாற்காலியைத் துடைக்கத் தொடங்கினார். துடைத்துக்கொண்டே இருந்தார். "நாங்க இல்லாம அவ இருக்க மாட்டான்னு நெனச்சோம். அவ இல்லாம நாங்கதான் சார்..." என்றவர், துண்டை உதறினார்.

போனார்கள். கடைக்கதவு ஒரு வாரம் மூடிக் கிடந்தது. தெருவில் பாதி ஆண்களுக்குத் தலை அடர்ந்தது. திரும்பி வந்த மறுநாள் கடையில் கூட்டம். வழி சொன்னவர்கள் அத்தனை பேருக்கும் கணக்குக் கேட்கும் உரிமை இருந்தது.

"மலை எப்படிண்ணே?"

"உசரம்" என்றார். "ரொம்ப உசரம்."

"கடல்?"

"தண்ணிதான். எங்க பாத்தாலும் தண்ணி."

வெளிநாட்டுக்குப் போய்வந்த மனிதரின் பேச்சா இது என்று எல்லோரும் ஏமாந்து போனார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒரு நாள் மழை. கடையில் வேறு யாரும் இல்லை. பாப்பா இல்லத்துக்குப் போயிருந்தாள். அவராகவே ஆரம்பித்தார்.

"சார், மலைக்கு நாங்க போகவே இல்ல."

கால்வாய் ஊரில் முதல் இரண்டு இரவும் அண்ணி தூங்கவில்லையாம். கண் மூடியதும் கை பக்கத்தில் துழாவுமாம். ஒன்றும் தட்டுப்படாமல் திடுக்கிட்டு எழுந்து உட்காருவாராம். "நான் என் கையைக் குடுத்தேன் சார். தொட்டுப் பாத்துட்டு, 'இது இல்ல'ன்னு தூக்கத்துலயே தள்ளிவிட்டுட்டா." பகலில் படகில் உட்கார்ந்திருக்கும்போதும் பாப்பா சாப்பிட்டாளா என்பதே பேச்சு. போனில் கேட்டால் இல்லத்து அம்மாள், "இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கு, நீங்க ஊரைப் பாருங்க" என்று அதட்டியிருக்கிறார்.

பாலத்து ஊருக்குப் போனதும் அண்ணி அறைக்குள் நுழைந்து முதலில் செய்தது, படுக்கை விரிப்பைப் பிடித்துப் பார்த்ததுதான். "மூலை மடிப்பு சரியில்ல" என்று பிரித்து, தானே இழுத்து விரித்தாராம். அன்று பாலத்தின் மேல் இரண்டு பேரும் போக வர நடந்திருக்கிறார்கள். களைத்துப்போய்ப் படுத்தார்கள்.

"காலையில மலை வண்டி. நான் குளிச்சு, சட்டை மாட்டி, பெட்டியைப் பூட்டிட்டு நிக்கறேன். அவ தூங்கறா. சார், நான் அவ மல்லாந்து படுத்து இருபத்திரண்டு வருஷமாப் பாத்ததில்ல. ரெண்டு கையும் ஒடம்போட இருக்கு. யாரையும் பிடிக்கல. வாயைத் திறந்துக்கிட்டு, கொறட்டை வேற! எழுப்பலாம்னு கையை நீட்டினேன். நீட்டின கை அப்படியே நின்னுடுச்சு."

ஐந்து நிமிடம் கழித்து எழுப்பலாம் என்று நினைத்தாராம். பிறகு, ஓடினால் பிடித்துவிடலாம் என்று நினைத்தாராம். பிறகு, ஜன்னல் வழியாக ஸ்டேஷன் பக்கமிருந்து வண்டி கிளம்பும் சத்தம் கேட்டதாம். அது அந்த வண்டிதானா என்று தெரியாது, அந்த வண்டி என்றே வைத்துக்கொண்டாராம்.

அறையைப் பெருக்க வந்த பெண் கதவைத் தட்டப் போனபோது இவர் பாய்ந்து வெளியே வந்திருக்கிறார். பாஷை தெரியாது. இரண்டு கையையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்துச் சாய்ந்து காட்டினார். அவள் கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்தாள். தன் தள்ளுவண்டியிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் கதவுக் குமிழில் மாட்டிவிட்டு, சக்கரம் சத்தம் போடாமல் வண்டியைத் தூக்கினாற்போலத் தள்ளிக்கொண்டு போனாளாம். "என்ன ஊருன்னு பேரு வாயில வரல சார். ஆனா அந்தப் பொண்ணை மறக்க மாட்டேன்."

அண்ணி எழுந்தபோது மதியம் சாய்ந்துவிட்டது.

"'ரயில்?'ன்னு அலறினா. போயிடுச்சுன்னேன். 'ஐயோ, உங்க மலை போச்சே!'ன்னு தலையில கை வச்சுக்கிட்டு ஒரே அழுகை. 'அட, மலை எங்க போகப்போவுது? அங்கேயேதான் நிக்கும். உனக்குப் பசிக்குதா, அதைச் சொல்லு'ன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சா. 'பசிக்குது'ன்னா. அவளுக்குப் பசிக்குதுன்னு அவ வாயால கேட்டு எவ்வளவு நாளாச்சு!"

மீதி நாள் எல்லாம் பாலத்து ஊரிலேயே கழிந்தது. அண்ணி தூங்கினார், எழுந்தார், சாப்பிட்டார், பாலத்தில் நடந்தார், திரும்பத் தூங்கினார். இரண்டு ஊரும் இரண்டு ரயிலும் கையை விட்டுப் போயின.

"அப்ப ஏன் மலை உசரம்னு எல்லார்கிட்டயும் அளந்தீங்க?" என்றேன்.

"பின்ன? அவ்வளவு தூரம் கூட்டிட்டுப் போயும் பொண்டாட்டி தூங்கிட்டாளாம்னு இவனுங்க சிரிப்பானுங்க. அவ தூங்கினதை எதுக்கு சார் நாலு பேரு பேசணும்?" என்றவர், சட்டென்று என் தோளைத் தட்டினார். "மலை உசரமாத்தானே இருக்கும்? அதுல பொய் என்ன இருக்கு?"

போன வாரம் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தேன். பாதி வேலை நடக்கும்போது அண்ணி பாப்பாவை அழைத்துக்கொண்டு வந்தார். காலை ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தார். பாப்பா தன் நாற்காலியில் ஏறிக்கொண்டாள். அண்ணி சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்து, "அஞ்சு நிமிஷம், வீட்டுக்குக் கிளம்பிடறேன்" என்றார். என் பிடரியில் மெஷின் ரீங்கரித்துக்கொண்டிருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். அண்ணியின் தலை மெல்லச் சாய்ந்து சுவரைத் தொட்டது. உதடு லேசாகப் பிரிந்தது.

அண்ணன் மெஷினை நிறுத்தினார். சுவிட்சின் 'டக்' சத்தம் வெளியே வராதபடி அதைத் தன் உள்ளங்கையால் பொத்தி அணைத்தார். கண்ணாடி வழியாக என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கத்தரியை எடுத்தார். மீதி முடியை ஒவ்வொரு கற்றையாக, சத்தம் கேட்காத அளவுக்கு மெதுவாக, வெட்டத் தொடங்கினார்.