திரும்பாத கப்பல்

தூத்துக்குடித் துறைமுகத்தில் இன்று போர்க்கப்பலைப் பொதுமக்கள் ஏறிப் பார்க்கலாம். முன்தளத்தில் இரும்புக் கூண்டோடு ஒரு பீரங்கி. அதன் கீழே ஆட்கள் செல்ஃபி எடுக்கிறார்கள். என் பக்கத்தில் நிற்கும் திரேஸ்புரம் மீனவர் அந்தோணி எடுக்கவில்லை.

விளக்கம் சொல்லும் கடற்படை வீரர் உள்ளூர்க்காரர். "முந்தி பீரங்கிய கப்பலோட விலாவுல வரிசையா வச்சிருந்தாங்க. குறி பார்க்கக் கப்பலையே திருப்பணும். இரும்புக் கவசக் கப்பல் வந்த காலத்துலதான் இந்தச் சுழலும் கூண்டும் வந்துச்சு."

"தம்பி, கப்பல் வேற திக்கப் பாத்து நிக்கி. அப்பவும் நம்ம போட்டச் சுட முடியுமா?" என்று அந்தோணி கேட்கிறார்.

"தாராளமா, அண்ணாச்சி. இப்பப் பாருங்க."

அந்தோணி என்னிடம் மெதுவாகச் சொல்கிறார்: "நடுக்கடல்ல ஒரு ரோந்துக் கப்பல் சுட்டுத்தான் என் தம்பி செத்தான். அது வேற திக்கப் பாத்துதான் நின்னுச்சு. அதனால தெரியாமப் பட்ட குண்டுன்னு சொல்லிட்டாவ. அம்மைக்கும் அதையே சொல்லி வச்சிருக்கேன்."

மோட்டார் முனகுகிறது. கூண்டு திரும்புகிறது. கப்பலைக் கட்டிய கயிறுகூட அசையவில்லை. குழல், தூரத்தில் நிற்கும் மீன்பிடிப் படகுகளுக்கு நேராக வந்து நிற்கிறது.

"ஏலே, நம்ம போட்டுக்கே குறி வச்சிட்டாம்லே!" என்று யாரோ கத்த, கூட்டம் சிரிக்கிறது.

அந்தோணி குழலையே பார்க்கிறார்.

"அப்ப, பாத்துத்தான் சுட்டிருக்கான்."