ராகுகாலத்துக்குப் பக்கத்திலை ஒரு கையேடு

ஒருத்தரும் வாசிக்காத புத்தகங்களை எழுதி, மாதம் பிறக்கச் சம்பளம் எடுக்கிறது எங்கடை தொழில். கொம்பியூட்டரிலை ஓடுற ஒரு சொவ்ற்வெயாரை எப்பிடிப் பாவிக்கிறது எண்டு விளக்கிக் கையேடு எழுத ஒரு ஆள் வேணுமெல்லே, அந்த ஆள் நான். திருநெல்வேலியிலை, பலாலி றோட்டுக் கரையிலை, ஒரு பேக்கரியின்ரை மேல்மாடியிலை எங்கடை கந்தோர். கடைக்காரர் பில் அடிக்கவும் சாமான் இருப்புப் பாக்கவும் ஒரு சொவ்ற்வெயார் செய்து குடுக்கிறம். கீழை போறணையிலை பாண் வேகிற மணம், மேலை ரெலிபோன் அடிக்கிற சத்தம், இரண்டும் விடிஞ்சால் தொடங்கிடும்.

அந்த ரெலிபோனிலை கேக்கிற கேள்வி முழுக்கக் கையேட்டிலை இருக்கிறதுதான் பாருங்கோ. வகுப்பிலை நோட்ஸ் குடுக்கிற ரீச்சர்மார், மருந்துப் போத்தலிலை 'குலுக்கிப் பாவிக்கவும்' எண்டு எழுதிறவை, கலியாண அழைப்புக் கார்ட்டிலை சரியான நேரத்துக்கு வரச்சொல்லி அச்சடிக்கிறவை, நீங்களெல்லாம் என்ரை சொந்தங்கள். இந்த வயித்தெரிச்சல் உங்களுக்கு விளங்கும்.

போன கார்த்திகையிலை முதலாளி சுதன் அண்ணை என்னைக் கூப்பிட்டார். தங்கமான மனுசன், கோபம் வந்தால் மட்டும் கண்ணாடியைக் கழட்டித் துடைப்பார். அண்டைக்குத் துடைச்சுத் துடைச்சுச் சொன்னார், தைப்பொங்கலுக்குள்ளை ரெலிபோன் அடங்கவேணுமாம், அடங்காட்டி எழுத்து வேலையை நிப்பாட்டிப்போட்டு நான்தான் போனிலை இருக்கவேணுமாம். எனக்கு எழுத்தெண்டால் உயிர். போனெண்டால் விசர். பொறுமை எண்ட சாமானைக் கடவுள் எனக்கு அளந்து போடேக்கை கையைச் சுருக்கிப்போட்டார், மூண்டாந்தரம் "எந்தப் பட்டன்?" எண்டு கேட்டால் என்ரை வாய் என்னைக் கேளாமல் திறந்திடும். "அண்ணை, என்னைப் போனிலை இருத்தினால் இருக்கிற கஸ்டமரும் ஓடிப்போடுவினம்" எண்டு உள்ளதைச் சொன்னன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவர் சொன்னார்: "அப்ப சனம் வாசிக்கிற மாதிரி ஒரு வடிவத்திலை எழுதும், வதனி."

சந்தனப் பொட்டு

முதல் எங்களிட்டை இருந்தது அச்சடிச்ச புத்தகம். நல்ல தாள், வழுவழுப்பான அட்டை. அந்தப் புத்தகத்தை முதல் வாங்கினவர் கனகரத்தினம் அண்ணை. திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட ஹாட்வெயார் கடை, ஆணியிலையிருந்து தண்ணிப் பம்ப் வரைக்கும் இருக்கும். ஆனால் கனக்கத் தரம் போன் எடுக்கிறவரும் அவர்தான். காலமை எடுத்து "பில் எப்பிடிப் பிள்ளை அடிக்கிறது?" எண்டு கேப்பார், பின்னேரம் எடுத்து "காலமை சொன்னதை ஒருக்காத் திருப்பிச் சொல்லு பாப்பம்" எண்டுவார்.

ஒருநாள் நேரிலை போய், "அண்ணை, புத்தகம் எங்கை?" எண்டு கேட்டன். மேலை கையைக் காட்டினார். பிள்ளையார் படத்தடியிலை, பொலித்தீனாலை சுத்தி, அட்டையிலை சந்தனப் பொட்டும் வைச்சு, முன்னுக்கு ஒரு செவ்வரத்தம்பூவும் வைச்சு, என்ரை கையேடு இருக்குது. ஊதுபத்திப் புகை அதிலை பட்டுக்கொண்டிருக்குது. நான் எழுதின ஒண்டுக்கு இவ்வளவு மரியாதை அதுக்கு முந்தியும் கிடைக்கேல்லை, அதுக்குப் பிறகும் கிடைக்கேல்லை.

"நல்ல நாள் பாத்துத் திறப்பம் எண்டு வைச்சிருக்கிறன் பிள்ளை, சும்மா சும்மா கை வைச்சால் பழுதாப் போகுமெல்லே?"

மிஸ் போட்ட மாக்ஸ்

அச்சுப் புத்தகம் சாமியாப் போனதாலை, அதையே பி.டி.எவ். ஆக்கிப் போனுக்கு அனுப்பினம். அரியாலையிலை எங்கடை வீட்டடியிலை கொப்பி, பென்சில் கடை வைச்சிருக்கிற ஞானமுத்து மிஸ்ஸுக்கும் அனுப்பினன். மிஷன் பள்ளிக்கூடத்திலை படிச்சு, அங்கையே படிப்பிச்சு, இளைப்பாறினவ. ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சுக்குப் போற சீலையின்ரை மடிப்பிலை கை வெட்டுப்படும், அவ்வளவு நேர்த்தி. போனிலை எழுத்துச் சின்னனாத் தெரியுதெண்டு, முழுக்கப் பிறின்ற் எடுத்து, நூல் போட்டுக் கட்டி, முதல் பக்கத்திலையிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிச்சா. ஓம், வாசிச்சா! என்ரை சந்தோசத்தைச் சொல்ல ஏலாது. றோட்டாலை போன என்னைக் கூப்பிட்டு, சிவப்பு மையாலை ஓரமெல்லாம் குறிப்பெழுதின கட்டைத் தந்தா. 'விளக்கம் நன்று', 'இங்கு ஒரு படம் தேவை' எண்டு எழுதியிருந்தா. கண்ணிலை ஒத்தாத குறையா வாங்கினன்.

"அப்ப மிஸ், இனிச் சுகமாப் பில் அடிக்கிறியளோ?" எண்டு கேட்டன். மேசையிலை கொம்பியூட்டர் பூப்போட்ட துணியாலை போர்த்தபடி. பக்கத்திலை பழைய பில் புத்தகமும் காபன் தாளும்.

"பில் எல்லாம் கையாலைதான் பிள்ளை எழுதிறன், ஆனால் உம்மடை கட்டுரைக்கு 'பி' போட்டிருக்கிறன், படம் கீறியிருந்தால் 'ஏ' வந்திருக்கும்."

யன்னல் சீலை

அடுத்தது இணையம். கையேட்டை ஒரு வெப்சைட்டிலை போட்டு, மேலை தேடுற பெட்டியும் வைச்சம். ஒரு சொல்லு அடிச்சால் காணும், பதில் வந்து நிக்கும். நான் அந்தக் கிழமை முழுக்கப் புழுகத்திலை மிதந்தன். ஆனால் கொழும்புத்துறையிலை நண்டும் இறாலும் வாங்கி ஏத்திற அன்ரன் அண்ணையின்ரை கடற்கரை வாடிக் கொட்டிலுக்குப் போய்ப் பாத்தன். மனுசன்ரை கை விடியத் தொடங்கி ஈரம். நண்டுத் தண்ணி சொட்டச் சொட்ட எழுத்து அடிக்க ஏலுமே? போனை ஒரு ஷொப்பிங் பைக்குள்ளை போட்டு, முழங்கையாலை தட்டிக்கொண்டிருக்கிறார்.

"தங்கச்சி, படமாக் காட்டுங்கோ, பாத்துச் செய்யிறன்" எண்டார். சரியெண்டு அரியாலையிலை என்ரை வீட்டு மண்டபத்திலை இருந்து வீடியோ எடுத்தன். எடை போடுறது, விலை மாத்திறது, பில் அடிக்கிறது, எல்லாம் நிறுத்தி நிதானமாச் சொன்னன். அனுப்பின அண்டைக்கே அன்ரன் அண்ணை போன் எடுத்தார். அப்பாடா, ஒருத்தருக்காவது விளங்கிட்டுது எண்டு நெஞ்சு குளிர்ந்து போச்சு.

"வீடியோவை முழுக்கப் பாத்தனாங்கள் தங்கச்சி, நல்ல வடிவாக் கதைக்கிறியள், உங்களுக்குப் பின்னாலை தொங்கிற அந்த யன்னல் சீலை எங்கை எடுத்ததெண்டு மனிசி கேக்கச் சொன்னா."

ஆழ்ந்த இரங்கல்

அப்ப குரல்தான் சரியெண்டு, கஸ்டமர் எல்லாரும் இருக்கிற போன் குறூப்பிலை குரல் பதிவு போட்டன். 'மாத முடிவுக் கணக்கை மூடுவது எப்படி' எண்டு, தொண்டையைச் செருமி, றேடியோவிலை செய்தி வாசிக்கிற மாதிரிச் சொன்னன். போட்டு நிமிரேல்லை, ஒரு கடைக்காரர், லண்டனிலை வயது போய் மோசம் போன தன்ரை தூரத்துப் பெரியப்பாவின்ரை மரண அறிவித்தலை அதே குறூப்பிலை போட்டார். எங்கடை சனம் எதுக்குப் பதில் எழுதாட்டியும் மரண அறிவித்தலுக்கு எழுதாமல் விடாது. கூப்பின கை, வெள்ளைப் பூ, மெழுகுதிரி எண்டு வந்து குவிஞ்சுது. அதிலை பாதிப்பேர் கை தவறி என்ரை பதிவைத் தொட்டு, அதுக்குக் கீழையே பதில் எழுதிப்போட்டினம்.

போனைப் பாத்த சுதன் அண்ணை சிரிப்பை அடக்க ஏலாமல் கண்ணாடியைக் கழட்டினார். முதன்முதல் கோபமில்லாமல் கழட்டினது அண்டைக்குத்தான்.

"வதனி, 'மாத முடிவுக் கணக்கை மூடுவது எப்படி' எண்டதுக்கு ஊரெல்லாம் திரண்டு ஆழ்ந்த இரங்கல் சொல்லியிருக்கு."

அமத்தாத பட்டன்

மார்கழி பிறந்திட்டுது. பொங்கல் கிட்ட வருது, ரெலிபோன் அடங்கேல்லை. அந்த நேரம் பாத்துச் சொவ்ற்வெயாருக்கு ஒரு அப்டேற் விட்டம். திரையிலை 'இப்ப நிறுவவா?' எண்டு ஒரு பெட்டி வரும், 'ஓம்' எண்டதை அமத்தினால் வேலை முடிஞ்சுது. கனகரத்தினம் அண்ணை போன் எடுத்து, "பிள்ளை, இப்ப ராகுகாலம், அமத்தலாமோ?" எண்டார். பிறகு அமத்துங்கோ எண்டன். அடுத்தநாள் மரணயோகம். அதுக்கடுத்தநாள் அட்டமி. அதுக்குப் பிறகு கரிநாள். பெட்டி திரையிலை தவம் நிக்குது, இந்த மனுசன் அமத்திறதாயில்லை!

நாலு சூடான சொல்லுச் சொல்லிப்போட்டு வாறன் எண்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கடை திறக்கிற நேரத்துக்குப் போனன். அவர் கதவைத் திறந்து, பிள்ளையாருக்குக் கற்பூரம் காட்டி, நேரை சுவரிலை தொங்கிற நாட்கலண்டருக்குப் போனார். நேற்றைய தாளைக் கிழிச்சார். கண்ணாடியைப் போட்டு, திகதி, திதி, சுபநேரம், ராகுகாலம், அடியிலை சின்ன எழுத்திலை கிடக்கிற பொன்மொழி, ஒண்டும் விடாமல் வாசிச்சார், அதுவும் வேலைக்கு நிக்கிறவைக்கும் கேக்கச் சத்தமா. ஆணி வாங்க வந்த ஒருத்தர் எட்டி நிண்டு தானும் வாசிச்சார். பக்கத்திலை பொலித்தீனுக்குள்ளை என்ரை புத்தகம் சிவனே எண்டு கிடக்குது. கொண்டுபோன சூடான சொல்லெல்லாம் எனக்கு மறந்துபோச்சு.

"உதை ஒவ்வொரு நாளும் வாசிப்பியளோ அண்ணை?" எண்டு மெதுவாக் கேட்டன்.

"கலண்டர் பாக்காமல் கடை திறக்கிறதுக்கு நான் என்ன விசரனோ, பிள்ளை?"

எல்லாருக்கும் ஒரு மூலை

"சொவ்ற்வெயார் கொம்பனியோ, கலண்டர் அச்சகமோ?" எண்டு, கையேட்டை நாட்கலண்டரிலை போடுவம் எண்ட என்னைப் பாத்துச் சுதன் அண்ணை சீறினார். நான் விடேல்லை. "அண்ணை, வருசம் பிறக்க எல்லாக் கடையும் கலண்டர் குடுக்கிற மாதிரி நாங்களும் குடுக்கிறம்தானே. பொன்மொழி போடுற இடத்தை எனக்குத் தாங்கோ. அது காணும்." கண்ணாடி ரெண்டுதரம் துடைபட்டுது. பிறகு தலை ஆடிச்சுது. பெரிய கையேட்டை நாளுக்கு மூண்டு வரியா வெட்டி எழுதினன். போனிலை கனக்கக் கேக்கிற கேள்வியெல்லாம் பொங்கலுக்கு முந்தின தாள்களிலை. மாத முடிவுக் கணக்கு, மாதத்தின்ரை கடைசித் தாளிலை. இனி அப்டேற் விடுறதெண்டாலும் சுபநேரத்திலைதான், நேரமும் தாளிலை போடுவம் எண்டு புறோகிறாம் எழுதிற பெடியளிட்டைச் சத்தியம் வாங்கினன். அவங்கள் என்னை ஒருமாதிரிப் பாத்தாங்கள், பாக்கட்டும்.

கஸ்டமரிட்டையும் கேட்டன். அன்ரன் அண்ணைக்குப் பூரணைப் பறுவமும் அமாவாசையும் பெரிசாத் தெரியவேணுமாம், நிலவு காலத்திலை நண்டு சதையில்லாமல் கிடக்குமாம். ஞானமுத்து மிஸ் வேதாகம வசனம் ஒண்டு போடச் சொன்னா. சரி, போடுறன் எண்டன். "அப்ப உங்களுக்காக ராகுகாலத்தை எடுத்துவிடவோ மிஸ்?" எண்டு பகிடியாக் கேட்டன்.

"அதை எடுக்காதையும், நான் அதைப் பாக்கிறேல்லை, ஆனால் அது இல்லாட்டிக் கலண்டர் கலண்டர் மாதிரி இராது."

ரெலிபோனுக்கு என்ன வருத்தம்?

சனவரி பிறந்துது. முதல் ரெண்டு மூண்டு நாள் ரெலிபோன் பழையபடி அடிச்சுது. பிறகு குறைஞ்சுது. பொங்கலுக்கு முதல்நாள் ஒரு சத்தமும் இல்லை. சுதன் அண்ணை றிசீவரைத் தூக்கிக் காதிலை வைச்சுப் பாத்தார். நம்பிக்கை வரேல்லை, தன்ரை கைபோனிலையிருந்து அடிச்சுப் பாத்தார். அது 'கிணிங்' எண்டு கத்த ரெண்டுபேரும் துள்ளினம். எனக்கு வேறை பயம். சனம் சொவ்ற்வெயாரையே தூக்கி மூலையிலை போட்டிட்டுதோ?

ஸ்கூட்டியிலை பறந்தன். கனகரத்தினம் அண்ணையின்ரை திரையைச் சுத்திக் கிழிச்ச தாள்கள் ஒட்டிக் கிடக்குது, பில் சரசரவெண்டு வருது. நாளைக்கு என்ன பாடம் எண்டு எட்டிப் பாக்கிறது கூடாதாம், அந்தந்த நாள் பாத்தால்தான் பலனாம். ஞானமுத்து மிஸ் கொம்பியூட்டரின்ரை பூத்துணியை எடுத்து மடிச்சு வைச்சிருந்தா. கொழும்புத்துறை வாடியிலை அன்ரன் அண்ணையின்ரை மனிசி தாளைச் சத்தமா வாசிக்கிறா. அவர் கையைத் துடைச்சுப்போட்டுச் சரியான பட்டனை அமத்திறார். எனக்குக் கண் கலங்கிப் போச்சு. நான் எழுதினதை ஒருத்தி வாசிக்க இன்னொருத்தர் செய்யிறார்! நண்டு நெடி எண்டு சொல்லிச் சமாளிச்சன்.

திரும்பி வந்து படியேறினன். மேலை ரெலிபோன் விடாமல் அடிக்குது. எல்லாம் போச்சு எண்டு உள்ளை ஓடினால், சுதன் அண்ணை வேர்க்க விறுவிறுக்கப் பேர் எழுதிக்கொண்டிருக்கிறார். றிசீவருக்குள்ளாலை கனகரத்தினம் அண்ணையின்ரை மச்சான்ரை குரல் எனக்கும் கேக்குது: "சொவ்ற்வெயார் பிறகு பாப்பம் தம்பி, முதல் எனக்கும் அந்தக் கலண்டரிலை ஒண்டு தாங்கோ." அவர் வைக்க அடுத்தவர், அவர் வைக்க இன்னொருத்தர். தலையெழுத்து இதுதான் எண்டு நினைச்சுக்கொண்டு நான் போன் மேசைக்குக் கதிரையை இழுத்தன்.

சுதன் அண்ணை கதிரையைப் பிடிச்சு மறிச்சார்: "நீர் போய் அடுத்த வருசத்துத் தாளை எழுதும், உந்தப் போனிலை நான் இருக்கிறன்."

ஆனபடியால், வாசிக்க ஆள் தேடி அலையிற என்ரை சொந்தங்களே, நீங்கள் எழுதிறது எவ்வளவு திறமான விசயமெண்டாலும் சரி, அதுக்குப் பக்கத்திலை ராகுகாலத்தைப் போட மட்டும் மறந்திடாதேங்கோ.