மூன்று எழுத்தும் என் அவசரத் தீர்ப்பும்

பழைய ரேடியோக்கள் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. அதனால் கனடாவின் ஸ்காபரோவில் தெரிந்தவர்கள் என்னை நிபுணன் என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அங்கே வெக்ஸ்போர்ட் பகுதியில் எங்கள் மேல்மாடியில் வசிக்கும் செல்வி அக்கா முதியவர்களைப் பராமரிக்கும் வேலை செய்பவர். சில வருடங்களுக்கு முன், கழுத்துப் பட்டியில் இரண்டு சிறு வட்டக் குமிழ்கள் பொருத்திய மைக் ஒன்றைக் கொண்டுவந்தார். தொண்டையில் கட்டிக்கொண்டு பேசுவது. அவர் பராமரித்த கனடியக் கிழவர், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் டாங்கியிலிருந்து எடுத்தது என்று சொல்லி, அன்பாகக் கொடுத்தாராம்.

திருப்பிப் பார்த்தேன். கம்பெனிப் பெயர் இல்லை. மூன்று எழுத்துகள் மட்டும் இருந்தன.

“கம்பெனிப் பெயரே இல்லை, உது பிறகு செய்த போலி, அக்கா. கிழவர் உங்களுக்கு நல்லாப் புளுகியிருக்கிறார்” என்று சிரித்தேன்.

“அவர் பொய் சொல்லுற ஆளில்லை, தம்பி” என்றார். முகம் வாடிவிட்டது.

மூன்று மாதம் கழித்துத்தான் ஒரு புத்தகத்தில் படித்தேன். போர்க்காலத்தில் ஜெர்மன் தொழிற்சாலைகள் தங்கள் பெயரை மறைத்து, இப்படி எழுத்துக் குறியீட்டையே பொறித்தனவாம். கிழவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம்.

ஓடிப்போய்ச் சொன்னேன். அக்கா அழுதுவிட்டார்.

“அவரை வீட்டுக்காரர் முதியோர் இல்லத்தில விட்டவை. நீ சொன்னதை நம்பி, என்னை ஏமாத்திப்போட்டார் எண்டு நான் பாக்கப் போகேல்லை. என்னைக் கேட்டுக் கேட்டே போன கிழமை செத்துப்போனாராம்.”

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

இப்போது யாராவது பழைய ஹெட்செட்டோ மைக்கோ கொண்டுவந்தால், “எனக்குத் தெரியாது, தேடிப் பாத்துச் சொல்லுறன்” என்றுதான் தொடங்குகிறேன். கொடுத்தவரைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை.