நஞ்சம்மா கட்டிய டிவி கேம் கைப்பெட்டி

ஓசூர் சிப்காட்டில் நஞ்சம்மா ஒயர் கட்டிய கன்ட்ரோல் பேனல் ஒன்று, சானமாவுக் காட்டுப் பக்கம் லாரியிலிருந்து விழுந்துவிட்டதாம். ஒற்றை யானை ஒன்று அதை மூன்று தடவை மிதித்துப் பார்த்துவிட்டு, நான்காம் தடவை தும்பிக்கையால் ஸ்விட்சைத் தட்டியதாம். பச்சை விளக்கு எரிந்ததும் மரியாதையாகத் திரும்பிப் போய்விட்டதாம். நடுக்காட்டில் கரண்ட் ஏது என்று கேட்பவர்கள் நஞ்சம்மாவின் வேலையைப் பார்க்காதவர்கள்.

அவள் எட்டாவது வரை படித்தவள். அப்பாவும் அம்மாவும் ராகிக் காட்டில் கூலிக்குப் போனவர்கள். பத்தொன்பது வயதில் நாராயணப்பனின் பட்டறையில் சேர்ந்தாள். அங்கே பவர் பிரஸ்களுக்குப் பேனல் கட்டுவார்கள். பவர் பிரஸ் என்பது இரும்புத் தகட்டை ஒரே அடியில் வெட்டித் தள்ளும் மெஷின். இடப்பக்கம் ஒரு பட்டன், வலப்பக்கம் ஒரு பட்டன். இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் அடி இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் மெஷினுக்குள் இருக்காது அல்லவா, அதற்காகத்தான் அப்படி. பன்னிரண்டு வருடத்தில் அவள் கட்டிய ஜோடிப் பட்டன்களை வரிசையாக வைத்தால் கிருஷ்ணகிரி வரை போகும். குறைத்துத்தான் சொல்கிறேன்.

அவள் புருஷன் ஆஞ்சப்பன் வேறொரு ஃபேக்டரியில் பிரஸ் ஓட்டினான். 1993 தை மாதத்தில் ஒருநாள், வேலை சீக்கிரம் முடியட்டும் என்று வலது பட்டனை அழுத்தி, அது எழும்பாதபடி தீக்குச்சி செருகிவிட்டு, இடது கையால் மட்டும் ஓட்டினான். வலது கையில் கட்டை விரலும் சுண்டு விரலும்தான் மிஞ்சின.

புண் ஆறியது. கை மட்டும் துண்டுக்குள்ளேயே இருந்தது. ஃபேக்டரியில் கிரேன் வேலை தருவதாகச் சொல்லியனுப்பினார்கள். தொங்கும் பட்டன் பெட்டியை ஒரு கையால் அழுத்தி, மறு கையால் சுமை ஆடாமல் பிடிக்க வேண்டும். ஜூன் முடிவதற்குள் வந்து ஓட்டிக் காட்டினால் வேலை அவனுக்கு, இல்லையென்றால் வேறு ஆளுக்கு.

"ரெண்டு வெரல வச்சிகினு நண்டு மாதிரி நாலு பேரு முன்னால போயி நிக்கச் சொல்றியா?" என்றான் ஆஞ்சப்பன்.

மே மாதம் நாராயணப்பன் பட்டறைக்கு ஒரு பழைய டிவி கேமைக் கொண்டுவந்தார். அவர் மைத்துனர் எழுபத்தொன்பதில் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தது. பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. பிடித்து ஆட்டும் கைப்பிடிகள் இரண்டும் உள்ளே உடைந்திருந்தன. பெங்களூர் எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடை முழுக்க அலைந்தும் அந்த மாடலுக்குக் கைப்பிடி கிடைக்கவில்லை. மியூசியத்தில் போய்க் கேளுங்கள் என்று ஒரு கடைக்காரர் கன்னடத்தில் வழி சொன்னாராம்.

நஞ்சம்மா ஒரு பேட்டரியும் குட்டி பல்பும் வைத்துக்கொண்டு கைப்பிடியின் ஒன்பது துளை பிளக்கைச் சோதித்தாள். ஆறு துளைக்குத்தான் வேலை. திசைக்கு நான்கு, சுடுவதற்கு ஒன்று, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று.

"கிரேன் பெட்டிதாங்ணா இது. கூட ஒரு துப்பாக்கி, அவ்ளோதான்" என்றாள்.

கழித்துப் போட்ட கிரேன் பட்டன்களைப் பொறுக்கினாள். தகட்டை வளைத்துப் பெட்டி செய்தாள். கம்ப்யூட்டர் ஒயருக்கு விற்கும் பிளக்கை நாராயணப்பன் வாங்கித் தந்தார். அதன் உடம்பு அகலமாக இருந்ததால் டிவி கேமின் குழிக்குள் இறங்காமல் நின்றது. இரண்டு பக்கமும் அரத்தால் ராவி இறக்கினாள். முதல் கைப்பெட்டி செங்கல் கனம் இருந்தது. தோற்ற கோபத்தில் வீசினால் சுவர்தான் உடையும்.

சோதித்துப் பார்க்க வேண்டும் என்று எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மேலிருந்து வரிசையாக இறங்கும் பூச்சிகளைச் சுடும் ஆட்டம் அது. அவள் வேண்டுமென்றே தோற்றாள் என்று சொல்லமாட்டேன். அவளுக்கு நிஜமாகவே ஆட வரவில்லை. பார்க்கச் சகிக்காமல் ஆஞ்சப்பன் பெட்டியை மடியில் வாங்கிக்கொண்டான். இடது கைக்குத் துப்பாக்கி நகர்ந்தது. சுடத்தான் இல்லை.

"ரெண்டு கடசியிலயும் கருப்பு பட்டன் கீது பாரு. சேத்து அழுத்தணும்."

"என்னாத்துக்கு?"

"பிரஸ்ஸு நெனப்புல கட்டிட்டன். கைப் பழக்கம்."

"பிரிச்சி மாத்து."

"முழுசா பிரிக்கணும்ப்பா. ஞாயித்துக்கெழம பாக்கறன்."

ஞாயிறு வந்தது. அவளுக்குத் துவைக்க இருந்தது. அடுத்த ஞாயிறு அம்மா வீட்டுக்குப் போனாள். ஆஞ்சப்பன் வலது பட்டனை முழங்காலால் அழுத்தினான், பெட்டி சறுக்கியது. மோவாயால் அழுத்தினான், டிவி தெரியவில்லை. அடுப்படிக்குப் போய்த் தீக்குச்சி ஒன்றை எடுத்து, அளவாக ஒடித்து, பட்டன் சந்துக்குள் வைக்கப் போனான். அப்படியே நின்றான். நஞ்சம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள், தண்ணீர் தெளிந்த பிறகும்.

குச்சியை ஜன்னல் வழியாக எறிந்துவிட்டு வலது கையைத் துண்டிலிருந்து எடுத்தான்.

முதல் நாள் நான்கு பூச்சிக்கே கை வலித்தது. ஒரு வாரத்தில் நான்கு வரிசை போனது. ஜூன் பாதியில் அவன் சுட்ட பூச்சிகளைப் பாரூர் ஏரியில் கொட்டியிருந்தால் கரை உடைந்திருக்கும். மிஞ்சிய இரண்டு விரலும் இடுக்கி மாதிரி பிடிக்கப் பழகின. டம்ளரை எந்தக் கையால் எடுக்கிறோம் என்பதே அவனுக்கு மறந்துபோனது.

அதற்குள் நஞ்சம்மா இரண்டாவது கைப்பெட்டியையும் முடித்துக் கொண்டுவந்தாள். அவள் குளிக்கப் போயிருந்தபோது ஆஞ்சப்பன் அதைச் சொருகிப் பார்த்தான். ஒரே பட்டன். ஒரு விரலுக்கே சுட்டது.

அவள் தலை துவட்டிக்கொண்டு வந்ததும் கேட்டான்.

"இது ஒரு கைக்கே சுடுது?"

"ஆமா. மொதல்ல கட்டினதுதான் தப்பாப் போச்சி."

"எத்தினி வருசமா ஒயரு கட்டற நீ?"

"பன்னெண்டு."

"பன்னெண்டு வருசத்துல எத்தினி தப்பு?"

"அது ஒண்ணுதான்" என்றாள் நஞ்சம்மா, அவன் முகத்தைப் பார்க்காமல்.

மறுநாள் ஆஞ்சப்பன் காக்கிச் சட்டையைத் தேடி எடுத்து, பட்டன்களைத் தானே போட்டுக்கொண்டு, ஃபேக்டரி பஸ்ஸில் ஏறினான். துண்டு கொடியிலேயே கிடந்தது. பிரஸ்ஸில் மாட்டும் இரண்டு டன் இரும்பு அச்சு ஒன்றைத் தூக்கி, தள்ளுவண்டியில் சத்தமில்லாமல் இறக்கிக் காட்டினானாம். சுமையைப் பிடித்து நிறுத்தியது வலது கை. நண்டு என்று யாரோ ஒருவன் சொல்லத்தான் செய்தான். கிட்ட வந்தா கடிக்கும் என்று இவன் சொல்ல, ஷெட்டே சிரித்ததாம்.

கிரேன் வேலை அவனுக்கே என்று சூப்பர்வைசர் சொல்லியனுப்பிய அன்று, நஞ்சம்மா முதல் கைப்பெட்டியின் மூடியைக் கழற்றினாள். ஒரு ஒயரை ஒரு பட்டனிலிருந்து அடுத்ததற்கு மாற்றி மூடினாள்; இனி அதுவும் ஒரு விரலுக்கே சுடும். அடுப்பில் பால் பொங்குவதற்குள் முடிந்துவிட்டது. இரண்டு பெட்டியையும் துடைத்து, நாராயணப்பன் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள்.