நீள மூக்கு ட்ரக்கின் படுக்கை

அருமைநாதனும் மனைவி புஷ்பராணியும் சேர்ந்து ட்ரக் ஓடியவர்கள். மொன்ட்ரியாலில் இருந்து வன்கூவர் வரைக்கும் ஒருவர் ஓட, மற்றவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் சின்னப் படுக்கையில் கிடப்பார். அவர்களுடையது 1987ஆம் ஆண்டுப் பீட்டர்பில்ட் ட்ரக். நீள மூக்கு, இரண்டு பக்கமும் வெள்ளிப் புகைக்குழாய்கள். வாங்கும்போதே பழசு.

2009 ஐப்பசியில் வின்னிபெக் பக்கமிருந்து திரும்பி வரும்போது புஷ்பராணி தலையிடி என்று படுத்தாள். நல்ல நித்திரை என்று நினைத்து அவர் ஆறு மணித்தியாலம் ஓடினார். தண்டர் பே நகரில் தேத்தண்ணி வாங்கிவந்து எழுப்பினார். உடம்பு குளிர்ந்து கிடந்தது.

அம்மாவின் உயிர் ஆஸ்பத்திரியில்தான் போனது என்று மகள் சர்மிளாவிடம் சொன்னார். அதற்குப் பிறகு அந்த ட்ரக்கை ஓடவும் இல்லை, விற்கவும் இல்லை. மொன்ட்ரியால்-நோர் பகுதியில் தெரிந்த ஒருவரின் ட்ரக் யார்டில் விட்டுவிட்டு பிஸ்கட் பக்டரிக்கு வேலைக்குப் போனார்.

போன வருடம் சர்மிளா இணையத்தில் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். "அப்பா, இந்த மாடலுக்கு இப்ப சேகரிக்கிற ஆக்கள் அடிபடுகினம்."

போஸ் என்ற ஊர்ப்பக்கமிருந்து ஒரு கியூபெக்காரர் ட்ரக்கைப் பார்க்க வந்தார். பின்பக்கத் திரையை விலக்கிப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. அவர் பிரெஞ்சில் சொன்னதைச் சர்மிளா தமிழில் சொன்னாள். "படுக்கைகூட அந்த நாளில வந்த மாதிரியே கிடக்காம். தொண்ணூறாயிரம் டொலர் தாறாராம். ஒண்டிலயும் கை வைக்க வேண்டாமாம்."

"ஓம்" என்றார் அருமைநாதன்.

ஞாயிற்றுக்கிழமை மரம் அறுக்கும் வாளோடு தனியாகப் போனார். படுக்கைப் பலகையை அறுத்தார். மெத்தையைக் கிழித்துக் குப்பைக்கு அனுப்பினார்.

ட்ரக்கை எடுக்க வந்த கியூபெக்காரர் உள்ளே பார்த்துவிட்டு அறுபத்தையாயிரம்தான் என்றார். சர்மிளா யார்டிலேயே கத்தினாள்.

"உங்களுக்கு என்ன விசரே அப்பா?"

"கொம்மா ஆஸ்பத்திரியில சாகேல்லை, பிள்ளை. அந்தப் படுக்கையிலதான். நான் தெரியாமல் ஓடிக்கொண்டு வந்தனான்."

அவள் காரை எடுத்துக்கொண்டு புரோசார்ட்டில் இருக்கும் தன் வீட்டுக்குப் போய்விட்டாள். ட்ரக்கை இழுவை வண்டியில் ஏற்றும்போது அருமைநாதன் மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டு மாதம் கழித்துத்தான் அழைத்தாள்.

"ஆறு மணித்தியாலமும் ஒருக்கால் எண்டாலும் அம்மாவைக் கூப்பிடேல்லையே?"

"எழும்பிடுவா எண்டு ரேடியோவைக்கூட நிப்பாட்டிப் போட்டன்."

அவள் போனை வைக்கவில்லை.