பவுனின் வலது கை

பவுனு எனக்கு ஓரகத்தி. என் வீட்டுக்காரருக்கு நேர் இளையவர் அழகுமலையின் பெண்சாதி. அதற்கு முன்னாலேயே அவள் என் தாய்மாமன் ஒச்சாண்டியின் மூன்றாவது மகள். கொழுந்தனுக்கு அவளைப் பெண் கேட்டு சுருளிப்பட்டிக்குக் கூட்டிவந்ததும் நான்தான்.

திராட்சைக் கொடி கழிக்கும் கவாத்துக்கு ஆள் தேடுகிறவர்கள் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். பந்தல் தலைக்கு மேலே இருக்கும். பொழுதெல்லாம் அண்ணாந்து, கையைத் தூக்கியபடியே வெட்ட வேண்டும். மற்றப் பெண்கள் தோள் விட்டுப்போகிறது என்று உட்காரும்போது பவுனு அடுத்த வரிசையில் நிற்பாள்.

2008 தை மாதம் அவளுக்கு வலது மார்பில் கட்டி என்றார்கள். மதுரையில் மார்பை எடுத்தார்கள். கக்கத்து நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். பிறகு மருந்து ஏற்றினார்கள். முடி போயிற்று, சதை வற்றிப் போயிற்று. ஆனி மாதம் எல்லாம் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது, கைப்பயிற்சி சொல்லிக்கொடுக்க ஜான்சி என்று ஒரு பெண் வந்தது. போடிக்காரப் பெண்.

"முதல்ல வெறுங்கை. அப்புறம் இந்த அரை லிட்டர் பாட்டில்ல பாதித் தண்ணி. கொஞ்சங்கொஞ்சமாத்தான் ஏத்தணும். வலிச்சாலோ வீங்குனாலோ எங்கிட்ட வாங்க. நீங்களா விட்டுட்டா தோள் இறுகிப்போகும்க்கா" என்றது. சதை கூடுவதற்காக டாக்டர் ஒரு புரோட்டீன் பவுடர் டப்பாவும் எழுதிக்கொடுத்தார்.

பவுனு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "பந்தலுக்குக் கை எட்டுமா தாயி?"

"விடாமச் செஞ்சா எட்டும்."

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். காதில் விழவில்லை என்று சொல்ல எனக்கு வழியில்லை.

வீட்டுக்கு வந்த மறுநாளே பவுனு வாசலில் நின்று கையைத் தூக்க ஆரம்பித்தாள். நாலைந்து நாளில் பாட்டிலும் வந்துவிட்டது. அடுத்த வீட்டுச் சண்முகத்தாய் பார்த்துவிட்டு, "என்ன பவுனு, பயில்வானாகப் போறியா?" என்றாள்.

"ஆமா மதினி. ஒங்க வீட்டுக்காரரை ஒரு நா தூக்கிப் போடணும்ல."

மூன்று பேரும் சிரித்தோம். பவுனு உள்ளே போனதும் சண்முகத்தாய் என் காதோரம் வந்தாள். "ஏக்கா, இந்த நோவு வம்சத்துல வரும்ங்கிறாகளே, மெய்யா? அவ ஒங்க மாமன் மகதான?"

அப்போது என் கடைசி மகள் வேல்விழிக்குத் தேவாரம் ஊரில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். அவர்கள் எந்த நேரமும் வீட்டுக்கு வரலாம். வாசலில் ஒருத்தி தட்டை மார்போடு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு நின்றால் என்ன கேட்பார்கள்?

அன்று சாயங்காலமே பவுனிடம் சொன்னேன். "ஏத்தா, மருந்து ஏத்துன ஒடம்பும் பிள்ள பெத்த ஒடம்பும் ஒண்ணு. பச்ச ஒடம்புக்காரி பாரம் தூக்கலாமா? உள்ளறையில பத்தியம் இரு."

எங்கள் பக்கம் பச்சை உடம்பு என்று மூத்தவள் சொல்லிவிட்டால் மறுபேச்சு கிடையாது. அழகுமலை மட்டும், "டாக்டர் செய்யச் சொன்னாகளே மதினி" என்று இழுத்தார். "ஆறு பெத்தவளுக்குத் தெரியாததா அந்தப் பொண்ணுக்குத் தெரியும்?" என்று அவர் வாயை அடைத்தேன். பவுடர் சூடு, பத்தியத்துக்கு ஆகாது என்று சொல்லி டப்பாவை எடுத்துப்போய், பருத்திக்கொட்டையோடு கலந்து எருமைக்கு வைத்தேன். அது மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பவுனுக்குப் பத்தியக் கஞ்சியும் பூண்டுக் குழம்பும் கொடுத்தேன். உள்ளறைக் கதவைச் சாத்தியே வைத்தேன்.

ஆவணிக் கடைசியில் கல்யாணம் நல்லபடி நடந்தது. பவுனைப் பின்வரிசையில் உட்காரவைத்திருந்தேன். தாலி கட்டும்போது அட்சதை போட அவள் வலது கை நெஞ்சுக்கு மேலே எழும்பவில்லை. இடது கையால் போட்டாள். யாரோ ஒரு பெரியம்மா, "நல்ல காரியத்துல பீச்சாங்கையாலயா போடுவ?" என்று சத்தம் போட்டது. பவுனு தலையைக் குனிந்துகொண்டாள். நான் மேடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

புரட்டாசியில் மதுரைக்குக் கூட்டிப்போனேன். கை வீங்கியிருந்தது. ஜான்சி அந்தக் கையைப் பிடித்து மெதுவாகத் தூக்கிப் பார்த்தது. தோள்மட்டத்துக்குக் கீழேயே நின்றுவிட்டது. அந்தப் பெண்ணின் முகம் மாறிப்போயிற்று.

"யாரு நிறுத்தச் சொன்னது?"

"யாரும் சொல்லல தாயி. எஞ் சோம்பேறித்தனந்தான்" என்றாள் பவுனு.

"மூணு மாசத்தை வீணாக்கிட்டீகளேக்கா. ஒங்க கை மேல ஒங்களுக்கே அக்கறை இல்லையா?"

அத்தனை ஏச்சையும் பவுனு வாங்கிக்கொண்டாள். நான் சுவரில் தொங்கிய காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது பஸ் ஆண்டிபட்டியைத் தாண்டியது. பிறகு கேட்டேன். "ஏன் ஆத்தா பொய் சொன்ன?"

"அங்கன வச்சு ஒன்னைய ஏச விடவா?" ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னாள். "தேவாரத்துக்காரகளுக்காகத்தான் நீ என்னைய உள்ள வச்சன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்க்கா. வேல்விழி எனக்கும் மகதான? கேட்டிருந்தா நானே கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருந்து தூக்கியிருப்பேன். பச்ச ஒடம்புன்னு சொல்லி ஏமாத்துன பாரு, அதுதான் ஆறல."

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். தேனி வந்து எல்லோரும் இறங்கிய பிறகுதான் எடுத்தேன்.

மறுநாளிலிருந்து மறுபடி வெறுங்கையில் ஆரம்பித்தாள். வீக்கத்துக்கு ஜான்சி கொடுத்த கை உறையைப் போட்டுக்கொண்டு, பாதிப் பாட்டில், முழுப் பாட்டில், அப்புறம் ஒரு கிலோ மணல் பை. பவுடரை நானே கலக்கிக் கொடுத்தேன். ஒன்றரை வருசத்தில் கை புருவத்துக்கு வந்தது, நெற்றிக்கு வந்தது. அதற்கு மேல் வரவில்லை. பந்தலுக்கு ஒரு சாண் குறை.

2010 கவாத்துக்குச் செல்லப்பாண்டி தோட்டத்தில் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன். பவுனு ஒரு மரப்பெட்டியைப் போட்டு அதன்மேல் ஏறி நின்று வெட்டினாள். ஒவ்வொரு கொடிக்கும் இறங்கி, பெட்டியை நகர்த்தி, மறுபடி ஏற வேண்டும். மற்றவர்கள் மூன்று வரிசை முடித்தபோது அவள் ஒன்றில் பாதியில் இருந்தாள்.

தோட்டத்துக்குப் புதிதாய் வந்த ஒருத்தி சிரித்தாள். "என்னக்கா, பெட்டி மேல சாமியாட்டமா? கை ஏன் எட்டல?"

"அதுவா, நான் சோம்பேறி..." என்று பவுனு ஆரம்பித்தாள்.

"இல்ல" என்றேன். சண்முகத்தாயும் அந்த வரிசையில்தான் இருந்தாள். என் தேவாரத்துச் சம்பந்தியின் தங்கச்சியும் இருந்தாள். "டாக்டர் தூக்கச் சொன்னாக. எம் மக கல்யாணம் நின்னுருமோன்னு நான்தான் தூக்க விடல. அவளுக்குக் குடுத்த சத்து மாவ எருமைக்கு வச்சேன்."

கத்திரிச் சத்தமெல்லாம் நின்றுபோயிற்று. பவுனு பெட்டிமேலிருந்து என்னைப் பார்த்தாள். "பெட்டியத் தள்ளுக்கா" என்று இறங்கினாள். தள்ளினேன்.